கண்ணை அளக்கும் நாளைத் தட்டிக் கழிக்காதீர்!



கண்புரை ஆபரேஷன் என்றால் இன்று நம் தோட்டங்களில் முன்போல யாரும் நடுங்குவதில்லை. காலையில் போனவர் சாயங்காலமே ஒரு கண்ணில் மூடியோடு லயத்துக்குத் திரும்பி வருவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆபரேஷன் நாள் வந்துவிட்டால் வீடே கூடிவிடுகிறது. மகன் லீவு போடுகிறான். டவுனில் இருக்கும் மகள் ஓடி வருகிறாள். மாரியம்மன் கோயிலில் அர்ச்சனையும் நடக்கிறது. எல்லாம் நல்லதுதான்.

ஆனால் ஆபரேஷனுக்கு முன்னால் பெரிய ஆஸ்பத்திரியில் இன்னொரு தேதியும் கொடுப்பார்கள். அது கண்ணை அளப்பதற்கான தேதி. அந்தத் தேதியைத்தான் நம்மவர்கள் துச்சமாக நினைக்கிறார்கள். "சும்மா மிஷின்ல மூஞ்சிய வச்சுப் பாக்கறதுதானே ஐயா, அதுக்குப் போயி ஒரு நாள் சம்பளத்த விடுறதா?" என்று என்னிடமே கேட்டவர்கள் உண்டு. போகாமலே இருந்துவிட்டு, பிறகு வேறு தேதி வாங்கித் தரச் சொல்கிறவர்களும் உண்டு.

இந்த விஷயத்தில் என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன். ஆபரேஷன் நாளுக்குக் கொடுக்கிற மரியாதையை அளவெடுக்கும் நாளுக்கும் கொடுக்க வேண்டும். அதைத் தள்ளிப் போடுவதும், "புரை நல்லா பழுக்கட்டும்" என்று வருஷக்கணக்கில் காத்திருப்பதும் நம் பார்வையை நாமே கெடுத்துக் கொள்வதாகும். ஏன் என்று கீழே விளக்குகிறேன். வீட்டில் கண் மங்கிய பெரியவர்கள் இருந்தால் அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

எதை அளக்கிறார்கள்?

நம் கண்ணுக்குள் கருமணிக்குப் பின்னால் பளிங்கு மாதிரி ஒரு லென்ஸ் இருக்கிறது. வயது ஏற ஏற அது மங்கிப் போவதைத்தான் கண்புரை என்கிறோம். ஆபரேஷனில் மங்கிய லென்ஸை உடைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் செயற்கை லென்ஸ் ஒன்றை வைக்கிறார்கள். அது ஆயுசுக்கும் அங்கேயே இருக்கும்.

மூக்குக் கண்ணாடிக்குப் பவர் இருப்பதுபோல இந்த லென்ஸுக்கும் பவர் உண்டு. அந்தப் பவரை 'டயாப்டர்' என்ற கணக்கில் சொல்வார்கள். பெரும்பாலும் அரை டயாப்டர் இடைவெளியில் லென்ஸ்கள் தயாராகி வருகின்றன. பலருக்கு 20, 21 டயாப்டர் பக்கம் வரும். ஆனால் பக்கத்து வீட்டு அண்ணனுக்கு வைத்த லென்ஸ் உங்களுக்குப் பொருந்தாது. உங்கள் வலது கண்ணுக்கு உரியது இடது கண்ணுக்குப் பொருந்தும் என்றும் சொல்ல முடியாது. மூக்குக் கண்ணாடி சரியில்லை என்றால் கடைக்குப் போய் மாற்றிக் கொள்ளலாம். கண்ணுக்குள் வைத்ததை அப்படி நினைத்தபோது கழற்றி மாட்ட முடியுமா?

ஆகவே முன்கூட்டியே கணக்குப் போட வேண்டியிருக்கிறது. அதற்கு இரண்டு அளவுகள் மிக முக்கியம். ஒன்று, கண்ணின் முன்பக்கத்திலிருந்து பின்னால் உள்ள விழித்திரை வரை எவ்வளவு நீளம் என்பது. சராசரியாக 23.5 மில்லிமீட்டர் இருக்கும். கண் நீளமாக இருந்தால் லென்ஸ் பவர் குறைவாக வேண்டும். குட்டையாக இருந்தால் கூடுதலாக வேண்டும். இரண்டாவது, கருவிழியின் மேல் கண்ணாடி மாதிரி மூடியிருக்கும் படலம் எவ்வளவு வளைந்திருக்கிறது என்பது. இந்த அளவுகளைச் சூத்திரத்தில் போட்டுத்தான் உங்களுக்கு எந்த லென்ஸ் என்று முடிவு செய்கிறார்கள்.

ஒரு மில்லிமீட்டர்தானே என்று நினைக்காதீர்!

நீளத்தை அளப்பதில் 1 மில்லிமீட்டர் தவறினால், ஆபரேஷனுக்குப் பிறகு போட வேண்டிய கண்ணாடியின் பவர் ஏறக்குறைய இரண்டரை டயாப்டர் தவறிப் போகும். வளைவை அளப்பதில் 1 டயாப்டர் பிசகினால், பார்வையிலும் ஏறக்குறைய 1 டயாப்டர் பிசகும். இரண்டரை டயாப்டர் கிட்டப்பார்வை வந்துவிட்டால் கையில் இருக்கும் கைப்பேசி தெரியும். ரோட்டில் வரும் லோரியின் நம்பர் தெரியாது.

ஒரு மில்லிமீட்டரின் அருமையைப் பால்வெட்டுகிறவர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. பட்டையைச் சீவும்போது உள்மரத்துக்கு மேல் சுமார் ஒரு மில்லிமீட்டர் விட்டுத்தானே கத்தியை நிறுத்துகிறோம்? அதற்கு மேல் இறங்கினால் மரத்தில் காயம். மேலேயே நின்றுவிட்டால் பால் குறைவு. உங்கள் கைக்கு இருக்கும் அந்தக் கணக்குதான் கண் அளப்பதிலும் இருக்கிறது.

அளவு எவ்வளவு முக்கியம் என்பதற்குச் சரித்திரமே சாட்சி. உலகப் போரில் விமானத்தின் பிளாஸ்டிக் கூண்டு உடைந்து அதன் துண்டுகள் விமானிகளின் கண்ணில் தைத்தபோது, கண் அவற்றை வெறுத்து ஒதுக்கவில்லை என்பதை லண்டனில் ஹெரால்ட் ரிட்லி என்ற கண் டாக்டர் கவனித்தார். அதே வகை பிளாஸ்டிக்கில் லென்ஸ் செய்து, 1949 நவம்பரில் 45 வயதுப் பெண் ஒருவரின் கண்ணில் பொருத்தினார். உலகில் முதன்முதலாகச் செய்த காரியம் அது. லென்ஸ் கண்ணுக்குள் நின்றது. ஆனால் பவர் பெரிதும் தப்பிப் போய், அந்தப் பெண்ணுக்குச் சுமார் 18 டயாப்டர் கிட்டப்பார்வை ஏற்பட்டுவிட்டது. கைத்திறமை இருந்தது, கணக்கு இன்னும் பிறக்கவில்லை!

அதன் பிறகு கணக்கு மெல்ல மெல்ல வளர்ந்தது. 1967-இல் சோவியத் டாக்டர் ஃபியோதொரோவும் அவருடன் வேலை செய்தவரும் சூத்திரம் ஒன்றை வெளியிட்டார்கள். 1980-இல் அமெரிக்காவில் மூன்று டாக்டர்களின் பெயரால் எஸ்.ஆர்.கே. சூத்திரம் வந்தது. 1999-இல் ஒளியைப் பாய்ச்சிக் கண்ணின் நீளத்தை அளக்கும் மிஷின் வந்தது. இப்போது ஆஸ்திரேலிய டாக்டர் பாரெட்டின் சூத்திரம் போன்ற புதியவற்றைக் கணினியே போட்டுக் கொடுக்கிறது. ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். சூத்திரம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் உள்ளே போடும் அளவு தப்பானால் வெளியே வரும் விடையும் தப்பாகத்தான் இருக்கும்.

'பழுக்கட்டும்' என்ற பழைய பேச்சு

"புரை முத்தினாத்தான் எடுப்பாங்க" என்று நம் பாட்டிமார்கள் சொன்னது பொய் அல்ல. அந்தக் காலத்து ஆபரேஷன் முறைக்கு அது தேவையாக இருந்தது. உள்ளே லென்ஸ் வைக்காமல் புரையை மட்டும் எடுத்துவிட்டு, சோடாப் புட்டி அடிப்பாகம் மாதிரி 10 டயாப்டர் கண்ணாடி மாட்டி அனுப்பிய காலம் அது. முறை மாறிவிட்டது, நம் பேச்சு மட்டும் மாறவில்லை.

இன்று காத்திருப்பதால் வரும் கேடு என்ன? ஒளி மிஷின் கண்ணைத் தொடாது, வலிக்காது, நுட்பமாக அளக்கும். ஆனால் ஒளி உள்ளே போய்த் திரும்ப வேண்டுமே! புரை கட்டியாக முற்றிவிட்டால் ஒளி புகாது. மிஷின் கையை விரித்துவிடும். பிறகு ஒலி அலையால் அளக்க வேண்டும். மரத்துப் போகும் சொட்டு மருந்து விட்டு, பேனா மாதிரி ஒரு கருவியைக் கருவிழியின் மேல் வைத்து அளப்பார்கள். கொஞ்சம் அழுத்தம் கூடினாலும் கண் உள்ளே அமுங்கி, நீளம் குறைவாகக் காட்டும். உடனே கணக்கு கூடுதல் பவர் லென்ஸைச் சொல்லும். விளைவு, வேண்டாத கிட்டப்பார்வை. கருவி நேரடியாகக் கண்ணை அழுத்தாமல் நீர் வழியாக அளக்கும் முறையும் உண்டு; கைதேர்ந்தவர் செய்தால் ஒலி அலையிலும் நல்ல அளவு கிடைக்கும். ஆனாலும் ஒளியால் எளிதில் எடுக்கக்கூடிய அளவை ஏன் நாமே கஷ்டமாக்கிக் கொள்ள வேண்டும்? முற்றிய புரை ஆபரேஷனையும் கடினமாக்குகிறது.

ஆகவே, "கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்" என்ற கதையாக இருக்காதீர்கள். 2014-இல் நம் நாட்டில் நடந்த தேசியக் கண் ஆய்வில், 50 வயதுக்கு மேல் பார்வை இழந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குக் காரணம் எடுக்காமல் விட்ட கண்புரைதான் என்று தெரிய வந்தது. வேலை செய்ய, படி இறங்க, மோட்டார் ஓட்ட இடைஞ்சலாக இருக்கிறது என்றால் அதுவே போதுமான காரணம். டாக்டரிடம் போங்கள்.

நம் வேலை கண்ணில் விடும் தடங்கள்

தோட்ட வேலை செய்கிறவர்களின் கண்ணை அளப்பதில் சில தனிச் சிக்கல்கள் உண்டு. இவற்றை நீங்கள் அறிந்திருக்க வேண்டும்.

முதலாவது, கண்ணில் வளரும் சதை. வெயிலிலும் தூசியிலும் பல வருஷம் உழைத்தவர்களுக்கு, கண்ணின் வெள்ளையிலிருந்து மூக்குப் பக்கமாகச் சதை போல ஒன்று கருவிழி மேல் ஏறும். இது புரை அல்ல. ஆனால் கருவிழியை இழுத்து அதன் வளைவை மாற்றிவிடும். பெரிதாக இருந்தால் முதலில் சதையை எடுத்து, கண் ஆறிய பிறகு அளப்பதே நல்லது என்று டாக்டர் சொல்லலாம். "ரெண்டு தடவ அலைய விடுறாங்களே" என்று கோபப்படாதீர்கள்.

இரண்டாவது, பழைய காயம். செம்பனைக் குலை வெட்டும்போது மேலிருந்து விழுந்த தூசி, தும்பு, மட்டை முள் ஆகியவை கண்ணில் பட்டுத் தழும்பு விட்டிருக்கலாம். இருபது வருஷத்துக்கு முன்னால் நடந்தது என்றாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். தழும்பு உள்ள இடத்தில் வளைவு ஒழுங்காக இருக்காது.

மூன்றாவது, கண் வறட்சி. கண்ணின் மேல் உள்ள கண்ணீர்ப் படலம் ஒழுங்காக இல்லாவிட்டால் வளைவு அளவு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாக வரும். எரிச்சல், உறுத்தல், அடிக்கடி தண்ணீர் வடிதல் இருந்தால் முன்கூட்டியே காட்டி மருந்து விட்டுக் கொள்ளுங்கள்.

நான்காவது, இனிப்பு நீர். இரத்தத்தில் சர்க்கரை ஏறி இறங்கினால் கண்ணின் பவரும் அதோடு ஆடும். அளவெடுக்கும் தேதிக்குப் பல வாரங்களுக்கு முன்பிருந்தே சாப்பாட்டையும் மருந்தையும் ஒழுங்காக வைத்துக் கொள்ளுங்கள். அது மட்டுமா? சர்க்கரையால் விழித்திரை கெட்டிருந்தால், எவ்வளவு சரியான லென்ஸ் வைத்தாலும் பார்வை முழுதாக வராது.

போகும்போது செய்ய வேண்டியவை

பழைய மூக்குக் கண்ணாடி உடைந்திருந்தாலும் எடுத்துப் போங்கள். புரை வருவதற்கு முன் உங்கள் கண் எப்படி இருந்தது என்பதை அது சொல்லும். ஒரு கண்ணில் ஏற்கெனவே ஆபரேஷன் ஆகியிருந்தால் அந்தக் காட்டையும், லென்ஸ் விவரம் ஒட்டிய சீட்டையும் கட்டாயம் கொண்டு போங்கள். முதல் கண்ணில் கணக்கு எந்தப் பக்கம் எவ்வளவு தள்ளியது என்று தெரிந்தால் இரண்டாவது கண்ணுக்கு இன்னும் துல்லியமாகக் கணக்கிடலாம். கண்ணுக்குள் ஒட்டும் லென்ஸ் போடுகிறவர்களும், கண்ணாடி வேண்டாம் என்று லேசர் செய்து கொண்டவர்களும் அதைத் தேதி வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

மிஷினில் தாடையை வைத்து, நெற்றியைப் பட்டையில் நன்றாக ஒட்டி, காட்டுகிற வெளிச்சத்தையே பாருங்கள். சில நிமிஷ வேலை. "மறுபடி ஒரு தடவ பாக்கணும்" என்றால் சலித்துக் கொள்ளாதீர்கள். இரண்டு அளவும் ஒத்து வரவில்லை என்பதால்தான் திரும்பப் பார்க்கிறார்கள். ஸ்டோரில் பால் நிறுக்கும்போது தராசு சரியில்லை என்றால் "திரும்ப நிறுங்க" என்று நாம் விடாமல் கேட்பதில்லையா? அதே நியாயந்தான் இது.

உங்கள் பேர், ஐ.சி. நம்பர், எந்தக் கண் என்பதை ஐந்து பேர் ஐந்து தடவை கேட்பார்கள். ஐந்து தடவையும் முழுதாகச் சொல்லுங்கள். ஒரே பேரில் நம்மில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். ஒருவருடைய அளவு இன்னொருவர் காட்டில் ஏறிவிடக் கூடாது.

என்ன வேலை செய்கிறீர்கள் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். சாதாரணமாக வைக்கும் லென்ஸ் ஒரு தூரத்துக்குத்தான் தெளிவாகக் காட்டும். செம்பனைக் குலையை அண்ணாந்து பார்க்கிறவருக்கும், மோட்டாரில் ஆள் ஏற்றிப் போகிறவருக்கும், கையெட்டும் தூரத்தில் பட்டை சீவுகிறவருக்கும், வீட்டில் துணி தைக்கிற அக்காவுக்கும் தேவை ஒன்றல்ல. பெரும்பாலும் தூரப் பார்வைக்கு வைத்து, கிட்டத்துப் பார்வைக்குக் கண்ணாடி கொடுப்பார்கள். வேறு விதமாக வேண்டுமென்றால் அதைச் சொல்ல வேண்டிய நாள் அளவெடுக்கும் நாள்தான். ஆபரேஷன் மேசையில் படுத்த பிறகு சொல்லிப் பயனில்லை.

ஆபரேஷனுக்குப் பிறகு

"ஆபரேஷன் செஞ்சும் பேப்பர் படிக்கக் கண்ணாடி போடச் சொல்றாங்களே, அப்ப ஆபரேஷன் தப்பாப் போச்சா?" என்று கேட்பார்கள். தப்பில்லை. தூரத்துக்கு வைத்த லென்ஸுக்குக் கிட்டத்துக் கண்ணாடி தேவைப்படுவது எதிர்பார்த்ததே.

எல்லாம் ஒழுங்காகச் செய்தும் கணக்கு கொஞ்சம் முன்பின் ஆவதுண்டு. லென்ஸ் கண்ணுக்குள் எந்த ஆழத்தில் போய் அமரும் என்பதை யாராலும் நூற்றுக்கு நூறு முன்கூட்டிச் சொல்ல முடியாது. பிரிட்டனில் 2009-இல் வெளியான ஓர் அளவுகோலின்படி, 100 பேரில் 85 பேருக்காவது எதிர்பார்த்த பவருக்கு 1 டயாப்டர் வித்தியாசத்துக்குள் வர வேண்டும். அங்கேயே நூற்றுக்கு நூறு கேட்கவில்லை பாருங்கள். சிறு வித்தியாசத்துக்குக் கண்ணாடி போதும். பெரிய வித்தியாசம் என்றால் டாக்டரிடம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. லென்ஸை மாற்றுவது போன்ற வழிகளும் இருக்கின்றன. ஆனால் அது தெரிய வேண்டுமானால் நாலு முதல் ஆறு வாரத்துக்குள் வரும் கண்ணாடிப் பரிசோதனைக்குப் போக வேண்டும். அதற்கும் போகாமல் வீட்டிலேயே உட்கார்ந்து ஆஸ்பத்திரியைத் திட்டுவதில் என்ன நியாயம்?

கூலி போகிறதே!

இங்கேதான் நம் உண்மையான கஷ்டம் இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆபரேஷன் நாளுக்கு எம்.சி. கிடைக்கும். அளவெடுக்கும் நாளுக்குச் சில இடங்களில் வந்து போனதற்கான நேரச் சீட்டு மட்டுமே கொடுக்கிறார்கள். அந்தச் சீட்டைக் காட்டினால் தோட்டத்தில் சம்பளம் வெட்டுகிறார்கள். டவுனுக்குப் போய்வர வண்டிச் செலவு வேறு. அப்புறம் அந்தத் தொழிலாளி தேதியைத் தவறவிட்டால் அவரை மட்டும் குறை சொல்வது சரியா?

தீபகற்ப மலேசியாவில் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்பு வருஷத்துக்கு 14 நாள் உண்டு. இரண்டு வருஷம் வேலை செய்தவருக்கு 18 நாள். ஐந்து வருஷமும் அதற்கு மேலும் என்றால் 22 நாள். 2023 ஜனவரி முதல், ஆஸ்பத்திரியில் தங்க வேண்டியவர்களுக்கான 60 நாள் இதோடு சேராமல் தனியாகக் கணக்கிடப்படுகிறது. ஆனால் இதற்கெல்லாம் டாக்டரின் சான்று வேண்டும். ஆகவே அளவெடுக்கப் போகும்போது நீங்கள் எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறீர்கள், விடியற்காலை வேலைக்கு அன்று போகவே முடியாது என்பதை டாக்டரிடம் பணிவாகச் சொல்லி எம்.சி. கேளுங்கள். கொடுப்பதும் கொடுக்காததும் அவர் முடிவு. கேட்காமல் வருவது நம் தவறு.

தொழிற்சங்கத்துக்கும் என் வேண்டுகோள் ஒன்று உண்டு. அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில், ஆபரேஷனுக்கு முந்திய பரிசோதனை நாளையும் சம்பள நாளாக எழுத்தில் கேட்க வேண்டும். ஒரு நாள் கூலியை மிச்சம் பிடிக்கும் நிர்வாகம், கண் தெரியாமல் மரத்தைக் காயப்படுத்தும் கையால் எவ்வளவு இழக்கிறது என்று கணக்குப் பார்க்கட்டும். கிளைச் செயலாளர்கள் தேதி உள்ளவர்களைச் சேர்த்து ஒரே வேனில் அனுப்ப ஏற்பாடு செய்யலாம். செலவுக்கு வழியில்லாதவர்கள் அரசாங்க ஆஸ்பத்திரியில் உள்ள சமூகநலப் பணியாளரைப் பார்க்கலாம்.

வீட்டில் இருக்கும் இளைஞர்களே, உங்களுக்கும் ஒரு வேலை. இன்று சாயங்காலமே தாத்தா பாட்டியை வாசலில் உட்கார வைத்து, ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடச் சொல்லி, எதிர் லயத்தில் நிற்பது யார் என்று கேளுங்கள். பிறகு மற்றக் கண்ணை மூடச் சொல்லிக் கேளுங்கள். ஒரு கண்ணில் தடுமாறினாலும் தோட்டக் கிளினிக்குக்கோ அரசாங்கச் சுகாதார நிலையத்துக்கோ அழைத்து வாருங்கள். கடிதம் எழுதித் தருவது எங்கள் வேலை. தேதி கிடைத்ததும் அதைக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். ஆபரேஷன் தேதிக்கு ஒரு வட்டம். அளவெடுக்கும் தேதிக்கும் அதே அளவில் இன்னொரு வட்டம்!